யூடியூப் ஓடுகிறது, பேங்க் மட்டும் வரவில்லை

"அக்கா, நெட் இருக்கு. ஆனா இல்ல" என்றான் தம்பி போனில்.

ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலையில் அவனுக்குக் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஒரு ஓட்டு வீடு. காப்பிப் பழம் பறிக்கிற சமயம் அது. சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி போட வேண்டும். யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது, கூகுளில் தேடினால் வருகிறது. பேங்க் தளத்தின் முகப்பு வருகிறது, 'லாகின்' அழுத்தினால் வெள்ளைத் திரை. ஆடிட்டர் கேட்ட பில்லை ஏற்றப் போனால் பூஜ்யத்திலேயே நிற்கிறது. இரண்டு நாளில் ரவுட்டரைப் பதினைந்து தடவையாவது அணைத்துப் போட்டிருந்தான்.

நான் சேலத்தில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்வீஸில் பாதி டெஸ்ட் டெஸ்க்கில் போனது. 198-இல் வரும் புகாரை வாங்கி, லைனைச் சோதித்து, பழுது எக்ஸ்சேஞ்சுக்குள் இருக்கிறதா, கம்பத்தில் இருக்கிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா என்று பிரித்து லைன்மேனை அனுப்புகிற வேலை. "போன் வேலை செய்யல மேடம்" என்றால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "டயல் டோன் வருதாங்க? உங்களுக்கு வர்ற கால் வருதா, நீங்க பண்றது மட்டும் போகலையா?" என்பதுதான். அதற்குக் கிடைக்கும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டு இணையத்துக்கும் அதே பழக்கம் போதும். எதுவுமே வரவில்லை என்றால் அது சுலபமான பழுது. கேபிள் அறுந்திருக்கும், இல்லை பணம் கட்ட மறந்திருப்பீர்கள். சில தளம் மட்டும் வரவில்லை என்றால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். திறக்கிற தளத்துக்கும் திறக்காத தளத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. அதைத் தேட வேண்டும். ரவுட்டரை அணைத்துப் போடுவதை ஒரு தடவை செய்து பாருங்கள், போதும். பதினைந்து தடவை செய்தால் சுவிட்ச்தான் தேயும்.

தொடுவதற்கு முன்னால்

ஒரு தாள் எடுத்து இடது பக்கம் திறக்கிற தளங்களை எழுதுங்கள், வலது பக்கம் திறக்காதவற்றை. திறக்காததற்குப் பக்கத்தில் பிரவுசர் என்ன சொல்கிறது என்பதை ஒரு எழுத்து விடாமல் குறியுங்கள். "ஏதோ எர்ரர் வருது" என்பது எனக்கு உதவாது, உங்களுக்கும் உதவாது. 'டிஎன்எஸ் புரோப்' என்று தொடங்கும் வாசகம் வந்தால் தளத்தின் பெயருக்கு எண் முகவரி கிடைக்கவில்லை; அந்த முகவரியைச் சொல்கிற சேவைக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். 'டைம்டு அவுட்' என்றால் முகவரி தெரிகிறது, தட்டியும் பதில் இல்லை. 'அக்சஸ் டினைடு' அல்லது 403 என்றால் அந்தத் தளம் வரை போய்விட்டீர்கள், அவர்கள் வாசலில் நிறுத்திவிட்டார்கள். தளம் போலி இல்லை என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றியோ 'கனெக்‌ஷன் பிரைவேட் இல்லை' என்றோ புலம்பினால் முதலில் உங்கள் கணினியின் தேதியைப் பாருங்கள். எந்த வாசகமும் இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தால், அந்தச் சுற்றலையும் எழுதிக்கொள்ளுங்கள். தம்பி வீட்டில் துப்பு கொடுத்தது அதுதான்.

அப்புறம் போனை எடுத்து, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். தம்பி வீட்டில் கேட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். இருந்தாலும் அவனை ஏறச் சொன்னேன். அங்கேயும் திறக்கவில்லை என்றால் தளமே படுத்திருக்கிறது. டீ குடித்துவிட்டுச் சாயங்காலம் பாருங்கள். டேட்டாவில் திறந்து வைஃபையில் திறக்கவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டிலோ உங்கள் இணைய நிறுவனத்திடமோ இருக்கிறது.

அடுத்து, அதே வைஃபையில் இன்னொரு கருவி. ஒரு கருவியில் மட்டும் பிரச்சினை என்றால் ரவுட்டர் பக்கமே போகாதீர்கள். எல்லாக் கருவியிலும் பிரச்சினை என்றால் கருவியைக் குடையாதீர்கள். இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிஷம் ஆகாது. இதைச் செய்யாமல் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

ஒரே கருவியில் மட்டும் என்றால்

அம்மாபேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய பழைய மடிக்கணினியில் எந்தத் தளமும் 'பாதுகாப்பு இல்லை' என்றே சொன்னது. வைரஸ் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். திரையின் மூலையைப் பார்த்தேன். கணினி 2012-இல் வாழ்ந்துகொண்டிருந்தது. உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், 3 வோல்ட். அது செத்துப்போனால் கணினிக்குத் தேதி மறந்துவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று எழுதப்பட்டது. 2012-இல் இருக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரி மாற்றித் தேதியைச் சரி செய்ததும் எல்லாம் திறந்தது.

தேதி சரியாக இருந்தும் சான்றிதழ் தகராறு செய்தால் கருவியின் வயதைப் பாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறது. அவற்றுக்கெல்லாம் அத்தாட்சியாக அது சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அன்றுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய, அப்டேட் இல்லாத கணினிகள் சிலவற்றில் மறுநாள் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை. யாரும் எதையும் தொடவே இல்லை, அப்படியும் பழுது. அப்டேட் போடுங்கள், அப்டேட்டே வராத கருவி என்றால் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை முயன்று பாருங்கள். அது சான்றிதழ் பட்டியலைத் தன்னோடு சொந்தமாகவே கொண்டுவரும்.

அடுத்த சந்தேகம் விபிஎன், அதாவது உங்கள் இணையத்தை வேறு ஊர்க் கணினி வழியாகச் சுற்றி அனுப்புகிற செயலி. வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். விபிஎன் ஓடினால் தளத்தின் கண்ணுக்கு நீங்கள் சேலத்தில் இல்லை, சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருக்கிறீர்கள். வெளிநாட்டு முகவரியிலிருந்து வருபவர்களை உள்ளே விடாத அரசுத் தளங்களும் பேங்க் தளங்களும் உண்டு.

ஆண்ட்ராய்டு போன் என்றால் அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று தேடுங்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இது இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்ன பெயரை அதில் போட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சேவை ஒரு தளத்தை விளம்பரம் என்று முடிவு கட்டினால் உங்களுக்கும் அது கிடையாது. 'தானாக' என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். விண்டோஸில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று வரிசையாக உள்ளே போனால் கிடைக்கும். நோட்பேடில் திறக்கலாம். # குறி முன்னால் இல்லாத வரியில் உங்கள் தளத்தின் பெயர் இருந்தால் குற்றவாளி அதுதான். திருட்டு மென்பொருள் போட்டவர்கள் வீட்டில்தான் இது பெரும்பாலும் அகப்படும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

எல்லாக் கருவியிலும் என்றால், முதலில் டிஎன்எஸ்

எங்கள் காலத்தில் நம்பர் தெரியவில்லை என்றால் 197-க்குப் போட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் நம்பரைச் சொல்வாள். டிஎன்எஸ் அதே வேலையைத்தான் செய்கிறது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரி வரும். 197-இல் பழைய டைரக்டரி வைத்துக்கொண்டு தப்பான நம்பர் சொன்னால் லைன் நன்றாக இருந்தும் ஆள் கிடைக்க மாட்டார். வழக்கமாக உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைத்தான் ரவுட்டர் கேட்கும். வேறு இடத்தில் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கருப்புக் கட்டளைத் திரையைத் திறந்து என்எஸ்லுக்கப் (nslookup) என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, தளத்தின் பெயரை அடியுங்கள். அப்புறம் அதே வரியை இன்னொரு முறை, கடைசியில் இடைவெளி விட்டு 8.8.8.8 சேர்த்து. 8.8.8.8 என்பது கூகுள் 2009-இல் திறந்துவிட்ட பொது டிஎன்எஸ். முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் இரண்டாவதற்குப் பதில் வந்தால் டிஎன்எஸ்தான் பழுது. இரண்டுக்கும் வேறு வேறு எண் வந்தால் உடனே குதிக்காதீர்கள். பெரிய தளங்களுக்குப் பல ஊரில் பல முகவரி இருக்கும், அது சகஜம்.

டிஎன்எஸ் என்று உறுதியானால் ரவுட்டரின் அமைப்பில் போய் 8.8.8.8-ஐயும் 1.1.1.1-ஐயும் போடுங்கள். இரண்டாவது கிளவுட்ஃபிளேருடையது, 2018 ஏப்ரல் 1 அன்று வந்தது. முட்டாள்கள் தினத்தில் வந்ததால் முதலில் நம்பாதவர்கள் உண்டு. அந்த எண்ணை யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்று நினைத்துச் சில பழைய ரவுட்டர்கள் தங்கள் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்டன. அப்படிப்பட்ட பெட்டியில் 1.1.1.1 வெளியே போகவே போகாது. போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். கணினி பழைய பதிலையே ஞாபகம் வைத்திருக்கும், அதனால் மாற்றிய பிறகு ஒரு முறை மறுதொடக்கம் செய்துவிட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி அரசோ, வழக்கு ஒன்றில் நீதிமன்றமோ தடுக்கச் சொன்ன தளம் திறக்கவில்லை என்றால் அது பழுது இல்லை. அதற்கு டெஸ்ட் டெஸ்க்கில் மருந்தும் இல்லை.

தம்பி விஷயத்தில் நானும் டிஎன்எஸ் என்றே நினைத்தேன். தண்ணீர்த் தொட்டி மேல் அவனும், சேலத்தில் சோபாவில் நானுமாக ஒரு மணி நேரம் டிஎன்எஸ் மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. தாளைச் சரியாகப் படித்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். முகவரி கிடைக்கவில்லை என்று பிரவுசர் எங்கேயும் சொல்லவே இல்லையே, சும்மா சுற்றிக்கொண்டுதானே இருந்தது.

"நாளைக்கு நானே வர்றேன், எதையும் தொடாத" என்றேன்.

"தட்டுவடை செட் வாங்கிட்டு வாங்க அண்ணி" என்று பின்னாலிருந்து அவன் மனைவி குரல்.

பஸ்ஸில் போகும்போது தோன்றியது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. காருக்குக் கவலையில்லை. மரம் ஏற்றிய நீள லாரி என்றால் சில வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்ப முடியாது. அடிவாரத்தில் நிறுத்தி, "இவ்வளவு நீளம் மேலே போகாது, சின்ன வண்டியில மாத்தி அனுப்புங்க" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் முதலாளி அப்படியே செய்துவிடுவார். அந்தச் சேதி முதலாளிக்குப் போய்ச் சேரவே இல்லை என்றால்? சரக்கு வரவில்லை என்று மேலிருந்து கேட்கக் கேட்க, அவர் அதே நீள லாரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

இணையத்தில் தகவல் பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. வழக்கமான ஈதர்நெட் லைனில் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச நீளம் 1,500 பைட். இதற்கு எம்டியு என்று பெயர். ஏற்காட்டின் உயரமும் கிட்டத்தட்ட 1,500 மீட்டர், எனக்கு அப்படித்தான் ஞாபகம் நிற்கிறது. யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டுச் சேர்கிற பல ஃபைபர் இணைப்புகளில் பிபிபிஓஇ என்ற முறை இருக்கும். அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 8 பைட் உறை போடும். ஆக உள்ளே இருக்கிற சரக்குக்கு இடம் 1,492தான். ரவுட்டரில் எம்டியு 1492 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ரவுட்டரே அடிவாரத்து ஆளாக நின்று அளவைச் சொல்லிவிடும். 1500 என்று யாராவது கையால் எழுதிவிட்டால் அளவுக்கு மீறிய பாக்கெட் வெளியே கிளம்பி நடுவழியில் சத்தமில்லாமல் தொலையும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் தளம் முழு நீளப் பாக்கெட்டாகவே அனுப்பும். அது பெரிது என்று நடுவிலுள்ள கருவி ஐசிஎம்பி என்ற சேதியைத் தளத்துக்குத் திருப்பி அனுப்பும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் வாசலிலேயே தடுத்து வைத்திருக்கிற தளங்கள் உண்டு. சேதி சேராது. அதே பாக்கெட் திரும்பத் திரும்ப வரும், உங்கள் திரை வெள்ளையாகவே நிற்கும்.

அப்படியானால் யூடியூப் எப்படி ஓடியது? கூகுளின் தளங்கள் குரோமோடு பேசும்போது குயிக் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அதன் பாக்கெட்டுகள் 1,500-ஐவிட நன்றாகவே சின்னவை. சின்ன வண்டி, எல்லா வளைவிலும் திரும்பிவிடும். பேங்க்கின் முகப்புப் பக்கம் வந்து லாகின் பக்கம் வராததற்கும் காரணம் இருக்கிறது. பெயர் ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு சர்வரில் இருக்கும். விளம்பரப் பக்கத்துக்கு இல்லாத கெடுபிடி பணம் இருக்கிற பக்கத்துக்கு இருக்கும்.

சோதிப்பது சுலபம். கட்டளைத் திரையில் பிங் என்று அடியுங்கள். இடைவெளி விட்டுச் சிறுகோடும் அதை ஒட்டி எஃப் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டுச் சிறுகோடும் அதை ஒட்டிச் சின்ன எல் எழுத்தும், அப்புறம் 1472, கடைசியில் 1.1.1.1. எஃப் என்றால் பாக்கெட்டை நடுவில் வெட்டாதே. எல்லுக்குப் பின்னால் வருவது நீளம். ஏன் 1472 என்றால், அதோடு தலைப்புகளுக்கு 28 பைட் சேர்ந்து 1,500 ஆகும். மூன்று விதமாகப் பதில் வரலாம். ரிப்ளை வந்தால் முழு நீளமும் போகிறது, பழுது இங்கே இல்லை, வேறு இடம் பாருங்கள். 'ஃபிராக்மென்ட் செய்ய வேண்டும்' என்று பொருள்படும் வாசகம் வந்தால் அளவு பெரிது என்று ஒரு கருவி உங்களிடம் ஒழுங்காகச் சொல்கிறது. அதுவே பாதி ஆரோக்கியம். 1472-க்கு 'டைம்டு அவுட்' என்றும், எண்ணைக் குறைத்தால் ரிப்ளையும் வந்தால் நோய் அங்கேதான். பெரிய பாக்கெட் செத்துப்போகிறது, யாரும் உங்களுக்குச் சொல்லவும் இல்லை.

தம்பி வீட்டில் 1472, டைம்டு அவுட். 1400, ரிப்ளை. 1460, ரிப்ளை. 1464, ரிப்ளை. 1465, மௌனம். 1464-ஓடு 28 சேர்த்தால் 1492. பக்கத்து அறையிலிருந்து அண்ணன் மகன் ஒருவன் எட்டிப் பார்த்து, "அத்தை, அது நான்தான் மாத்துனேன். 1500 போட்டா ஸ்பீடு கூடும்னு ஒரு வீடியோல சொன்னாங்க" என்றான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் செய்த உபகாரம். நல்ல பையன்தான், ஒளிக்காமல் சொன்னானே.

ரவுட்டர் பக்கத்தைத் திறக்கும் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே வெளி இணைப்பைக் குறிக்கும் 'வான்' (WAN) அல்லது 'இன்டர்நெட்' என்கிற இடத்தில் எம்டியு இருக்கும். 1492 என்று போட்டுச் சேமித்தேன். ரவுட்டர் மறுபடி இணைந்தது. லாகின் பக்கம் வந்தது, ஆடிட்டரின் பில் ஏறியது. பஸ்ஸில் ஏறி வந்தவளுக்கு வேலை கால் மணி நேரம்தான்.

உங்கள் வீட்டில் கண்டுபிடித்த எண் வேறாக இருந்தால் அதையே போடுங்கள். கடைசியாக ரிப்ளை வந்த எண், அதோடு 28. அவ்வளவுதான் கணக்கு.

இது எதுவும் இல்லை என்றால்

ஐபிவி6-ஐச் சந்தேகப்படலாம். இணையத்தில் எண் முகவரி கொடுப்பதற்கு இரண்டு முறை உண்டு; இன்று பல இணைப்புகளில் பழைய ஐபிவி4-ஓடு புதிய ஐபிவி6-உம் சேர்ந்தே வருகிறது. இரண்டு முகவரியும் உள்ள தளத்துக்குப் பிரவுசர் முதலில் புதிய வழியைத்தான் முயலும். வழி அடியோடு அடைத்திருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் பழைய வழிக்கு மாறிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. வழி பாதி திறந்து பாதி அடைத்திருந்தால்தான் தொல்லை. கை குலுக்கிவிட்டுப் பேசாமல் இருக்கிற மனிதர் மாதிரி, இணைப்பு கிடைக்கும், தகவல் வராது. ஐபிவி6-இல் நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டை வெட்டுவதே இல்லை. அதனால் மேலே சொன்ன லாரிப் பிரச்சினை அங்கே இன்னும் கடுமை. சோதனைக்கு ரவுட்டரில் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டுத் தளத்தைத் திறங்கள். திறந்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது, நிறுவனத்திடம் சொல்லுங்கள். அணைத்தபடியே விட்டுவிடுவது தற்காலிக ஏற்பாடுதான்.

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலேயே வந்தது இன்னொரு வகை. டிக்கெட் பதிவு செய்யும் ஒரு தளம் மட்டும் 'அக்சஸ் டினைடு' என்றது. எல்லாக் கருவியிலும் அப்படியே. டேட்டாவில் திறந்தது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் முகவரியைப் பார்த்தேன், 100.72 என்று தொடங்கியது. 100.64-இலிருந்து 100.127 வரை உள்ள முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 முகவரி தட்டுப்பாட்டில் நிறைய வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைக்கிறார்கள். சிஜிநாட் என்பார்கள். எங்கள் காலத்துப் பார்ட்டி லைன் மாதிரி, ஒரே கம்பியில் பல வீடு. அந்த முகவரியில் யாரோ ஒருவர் சேட்டை செய்தால் தளம் முகவரியையே தடுத்துவிடும், எல்லோருக்கும் கதவு சாத்து. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று அடிக்கடி கேட்கப்படுவதும் இதனாலேயே இருக்கலாம். இதற்கு ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுவது நிஜமாகவே உதவலாம், வேறு பொது முகவரி கிடைத்தால். எனக்கு அன்று கிடைத்தது. மூன்று நாள் கழித்து மறுபடி பழைய கதை. பிறகு நிறுவனத்திடம் சொல்லி மாற்றச் சொன்னேன். நிரந்தரமாக வேண்டும் என்றால் தனிப் பொது முகவரிக்கு மாதாமாதம் கூடுதலாகப் பணம் கேட்பார்கள்.

நிறுவனத்தார் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் இன்னொரு ரவுட்டர் மாட்டியிருந்தால், இரண்டும் ஒரே 192.168.1.1-ஐ வைத்துக்கொண்டு சண்டை போடவில்லையா என்றும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். சோதனைக்கு உங்கள் ரவுட்டரைக் கழற்றி, கணினியை நேராக ஃபைபர் பெட்டியில் செருகினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

புகார் சொல்லும்போது

இத்தனைக்கும் பிறகு பழுது அவர்கள் பக்கம் என்றால் போன் போடத்தான் வேண்டும். "நெட் வேலை செய்யல" என்று தொடங்கினால் அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும். அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது அது, பாவம். ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், அதுவும் நன்றாகத்தான் வரும். நான் சொல்வது இப்படி: "தம்பி, மற்ற தளமெல்லாம் வருதுங்க. இந்த ஒரு தளம் மூணு கருவியிலும் வரல. மொபைல் டேட்டால வருது. டிஎன்எஸ் மாத்திப் பார்த்துட்டேன். 1464-க்கு மேல பிங் போகல. காலைல பத்து மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் எடுத்த டிரேஸ் ரெண்டும் கைல இருக்கு. ரூட்டிங் பாக்குறவங்களுக்கு இந்தப் புகாரை மாத்தி விடுங்க, டாக்கெட் நம்பர் கொடுங்க."

டிரேஸ் எடுக்கக் கட்டளைத் திரையில் டிரேசர்ட் (tracert) என்று அடித்துத் தளத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும். பாக்கெட் போகும் வழியில் உள்ள ரவுட்டர்கள் வரிசையாக வரும். நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பதற வேண்டாம். சில ரவுட்டர்கள் பாக்கெட்டைக் கடத்திவிடும், தங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லாது. ஒரு இடத்துக்குப் பிறகு கடைசிவரை நட்சத்திரமாகவே இருந்து, டேட்டாவில் அதே தளம் திறந்தால், அந்த இடத்தின் பெயரைப் புகாரில் சொல்லுங்கள். திறக்கிற ஒரு தளத்துக்கும் டிரேஸ் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வாதாடுவது சுலபம்.

அப்புறம் ரவுட்டரின் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன ஓட்டை. ஊசி விட்டு அழுத்தினால் பெட்டி புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குப் போய்விடும். யார் சொன்னாலும் உடனே அழுத்தாதீர்கள். பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்டு, இணைப்புக்காக நிறுவனத்தார் போட்டிருக்கும் விலான் எண் எல்லாம் அதோடு அழிந்துவிடும், அப்புறம் யூடியூபும் போய்விடும். மலையில் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொடுக்க ஆள் வர மாட்டார். அழுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் ரவுட்டரின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதை நிறுவனத்திடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தம்பி வீட்டில் அந்தச் சீட்டு இப்போது ரவுட்டருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அதற்குக் கீழே 1492 என்று எழுதி, 'தொடாதே' என்று அண்ணன் மகன் கையாலேயே எழுத வைத்தேன்.